விறகை எத்தனை அங்குலத்துக்கு அறுக்கலாம்? கேள்வி பதில்

மேடவாக்கம்: கதவு வெச்ச இரும்பு அடுப்பு வாங்கியிருக்கேன் சார். விறகுத் தொட்டியில (விறகுக் கடையில) ஒன்றரை அடியா அறுத்துத் தரவான்னு கேக்கறாங்க. சரின்னு சொல்லலாமா?

இப்போது சொல்லாதீங்க. கதவைத் திறந்து உள்ளே டேப் வைத்துப் பாருங்க. வெளி அளவு உதவாது. உள்சுவரில் செங்கல் பதித்திருந்தால் அதுவும் இடத்தைத் தின்றிருக்கும். உள்நீளத்தில் இரண்டு அங்குலம் கழிக்கணும். உள்ளே 14 என்றால் கட்டை 12. முனை எப்போதும் கொஞ்சம் சாய்வாகத்தான் அறுபடும், கழியிலும் வளைவு இருக்கும், முனையைச் சுற்றிக் காற்றும் போகணும். கட்டை கதவில் முட்டினால் கதவு மூடாது, புகை வீட்டுக்குள் வரும்.

வாயால் அளவு சொன்னால் ஆளுக்கு ஆள் மாறும். 12 அங்குலக் குச்சி ஒன்றை நறுக்கித் தொட்டியில் கொடுங்க. முதலில் கழி முழுக்கச் சாக்பீஸில் குறி போட்டுவிட்டு, அப்புறம் அறுக்கச் சொல்லுங்க. கழி நீளத்தையும் வகுத்துப் பாருங்க: 6 அடிக் கழியில் 12 அங்குலத் துண்டு சரியாக 6 வரும். 13 என்றால் 5 துண்டும் 7 அங்குலக் கழிவும்.

பெரம்பூர்: காய்ஞ்சா சுருங்குமே, அரை அங்குலம் கூட்டி அறுக்கட்டுமா?

வேண்டாம். மரம் பருமனில்தான் சுருங்கும், நீளத்தில் கண்ணுக்கே தெரியாது. பச்சையாக இருக்கும்போதே அளவாக அறுத்துடுங்க. ஈரம் அறுபட்ட முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். துண்டு குட்டையானால் சீக்கிரம் காயும்.

மயிலாப்பூர்: வீட்டுல பழைய செம்பு பாய்லர் இருக்கு. அதுக்கு?

நடுக்குழாயின் அகலம்தான் கணக்கு. அரை அடி நீளம், கட்டைவிரல் பருமன். நெருக்கித் திணித்தால் காற்று ஏறாமல் புகையும்.

தாம்பரம்: எங்க அடுப்புக்கு எத்தனை அங்குலம்?

முதல் பதிலைப் படிங்க. உள்ளே அளங்க.

திருவல்லிக்கேணி: சவுக்கு பச்சையாவே எரியும் அண்ணா. எங்க பெரியப்பா பிரியாணிக் கடையில அப்படித்தான். எதுக்குக் காயவைக்கணும்?

எரியும் தம்பி, அதை மறுக்கலை. எடையில் பாதி நீராக இருக்கும் கட்டை, நீர் 20 சதவீதத்துக்கு இறங்கிய கட்டையோடு ஒப்பிட்டால், கிலோவுக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் வெப்பம் தரும். அதில் ஒரு பங்கு நீரை ஆவியாக்கவே போகும். தீ குளிர்ந்து புகை முழுசாக எரியாது. புகைக்குழாயில் தார் படியும். அந்தத் தார் தீப்பிடித்தால் குழாயே பற்றும்.

அதே திருவல்லிக்கேணி: அப்ப கடையில எப்படி ஓடுது?

அங்கே பெரிய தணல் கிடக்கு. மூணு, நாலு அடிக் கட்டையைத் தள்ளித் தள்ளி விடறாங்க. உள்ளே போவதற்குள் முனை காய்ந்துவிடும். திறந்த கோட்டை அடுப்புக்கு அது சரி. கதவுள்ள சின்ன அடுப்பில் அவ்வளவு தணல் கிடையாது. நீளக் கட்டையை வெளியே நீட்டிக் கதவைத் திறந்தே வைக்கவும் கூடாது.

வியாசர்பாடி: பச்சை விறகு விலை கம்மி, லாபம்தானே?

நீரைக் காசு கொடுத்து வாங்கறீங்க. பாதி நீருள்ள 100 கிலோ, 20 சதவீதத்துக்குக் காய்ந்தால் 62.5 கிலோதான் மிஞ்சும். காய்ந்த விறகு கிலோ 10 ரூபாய் என்றால், பச்சை 6.25-க்குக் கீழே கிடைக்கணும், காயவைக்க இடமும் வேணும். இல்லாட்டி நஷ்டம்.

போரூர்: 18 அங்குலம் போதுமா?

உள்ளே அளங்க.

அம்பத்தூர்: ஆசாரி வேலையில மிஞ்சின பிளைவுட் துண்டு சரியா 12 அங்குலம் இருக்கு.

நீளம் சரி, பொருள் தப்பு. பிளைவுட், பெயின்ட் அடித்த மரம், பூச்சிமருந்து ஊட்டிய மரம், இவற்றின் புகை நஞ்சு. அரளிக் கிளையும் வேண்டவே வேண்டாம்.

வேளச்சேரி: பருமன் எவ்வளவு? ஐப்பசி மழைக்கு எப்படி அடுக்கறது?

மூணு அங்குலத்துக்கு மேல் பருமனானதைப் பிளங்க. ஆப்பும் சம்மட்டியும் போதும். பட்டை சுற்றியிருந்தால் பக்கவாட்டில் ஈரம் எளிதில் போகாது. பற்றவைக்க விரல் பருமச் சிராய் தனியாக வையுங்க. செங்கல் மேல், தரையிலிருந்து அரை அடி உயரத்தில், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்க. இல்லாட்டிக் கரையான் ஏறும். தார்ப்பாயை மேலே மட்டும் போடுங்க, பக்கங்கள் திறந்திருக்கட்டும். முழுக்கச் சுற்றினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். எடுக்கும்போது பூரான், பாம்பு இருக்கான்னு குச்சியால் தட்டிப் பாருங்க.

ஆவடி: வேலிக்காத்தான் விறகு அறுக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்?

முள்ளை அரிவாளால் சீவணும், கையுறை போட்டுக்கணும். கோணல் அதிகம், அதனால் உள்நீளத்தில் இரண்டு இல்லை, மூணு அங்குலம் கழிங்க.