நாற்காலியும் நாட்காட்டியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாய்லாந்தில் இருமுறை கல்வி அமைச்சராக இருந்த சாதுரோன் சாய்சேங் பற்றிப் படித்தேன். 1976ல் மாணவர் தலைவராகக் காட்டுக்குப் போய் கம்யூனிஸ்டுகளோடு இருந்தவர், பின்னாளில் அமைச்சர்! மருத்துவரும்கூடவாமே? இருந்தும் பல நாட்டு 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வில் தாய்லாந்து கீழேயே கிடக்கிறது: கணிதத்தில் 2012ல் 427, 2022ல் 394. தோற்றுப்போன அமைச்சர் என்று சொல்லிவிடலாமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

காட்டு வாழ்க்கைக்கு இவ்வளவு வாய்பிளக்க வேண்டாம். 1976 அக்டோபர் 6 அன்று பாங்காக்கில் மாணவர்கள் படுகொலை செய்யப்பட்ட பிறகு ஆயிரக்கணக்கான மாணவர்கள் காட்டுக்குப் போனார்கள், திரும்பி வந்தார்கள். 1986ல் இவர் எம்.பி. ஆனதற்குக் காட்டைவிட, சாச்சோங்சாவ் மாகாணத்தில் அரசியல்வாதியாக இருந்த அப்பாவின் செல்வாக்குதான் அதிகம் உதவியிருக்கும்.

ஆனால் 427ஐத் தூக்கி அவர் தலையில் கட்டுகிறீர்களே, அதை விட மாட்டேன். கொஞ்ச நாளாகவே இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தேர்வு நடந்தது 2012ல். இவர் இரண்டாம் முறை பதவிக்கு வந்தது 2013 ஜூன் 30. முடிவு வெளியானது டிசம்பர் 3. ஆறே நாளில், டிசம்பர் 9ல், நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. எழுதியவர் யார், பெயில் ஆனவர் யார்?

அந்த நாட்டு நாட்காட்டியைப் பாருங்கள். பள்ளி திறப்பது மே நடுவில். நிதியாண்டு தொடங்குவது அக்டோபர் 1. அதற்கான கோரிக்கைகளைத் துறைகள் மாதக்கணக்கில் முன்பே கொடுத்துவிட வேண்டும். ஜூன் கடைசியில் வருபவருக்குக் கல்வியாண்டும் கைமீறிவிட்டது, பட்ஜெட் மசோதாவும் ஏற்கெனவே நாடாளுமன்றத்தில். செப்டம்பர் 30 அன்று 60 வயது நிறைந்த அதிகாரிகள் மொத்தமாக ஓய்வு பெறுவார்கள். முகம் பழகுவதற்குள் மேலதிகாரிகள் மாறிவிடுவார்கள். சொந்த பட்ஜெட்டில் ஒரு காசு செலவழிக்க அவர் 2014 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே, அதே ஆண்டு மே 22ல், ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. அந்த நிதியாண்டுக்கான பட்ஜெட்டை நிறைவேற்றியது ராணுவம் அமைத்த சபை.

முதல் முறையும் இதே கதைதான். 2005 ஆகஸ்டில் வந்தார். 2006 பிப்ரவரி 24ல் நாடாளுமன்றம் கலைந்தது, அதன்பின் காபந்து அரசு, செப்டம்பர் 19ல் ராணுவப் புரட்சி. இரண்டு முறையும் சேர்த்து நாற்காலியில் இருந்தது ஏறத்தாழ 24 மாதம். காபந்துக் காலத்தைக் கழித்தால் முழு அதிகாரத்தோடு வேலை செய்தது சுமார் 12 மாதம். இவரது இரண்டாம் முறையின்போது பிரதமராக இருந்த யிங்லக்கின் அரசில் மூன்று வருடத்துக்குள் நான்காவது கல்வி அமைச்சர் இவர். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு 7 அங்குல டேப்லெட் கொடுக்கும் திட்டம் இவருக்கு முன்பே தொடங்கியது, இவருக்குப் பின் ராணுவம் நிறுத்தியது. பள்ளியில் சார்ஜ் போட பிளக் இருக்கிறதா என்று பார்க்கக்கூட அவகாசம் இல்லை.

சரி, நாற்காலிக்காவது அதிகாரம் உண்டா? 2003 சீரமைப்புக்குப் பிறகு அமைச்சகத்தில் ஐந்து பெரிய அலுவலகங்கள்: செயலகம், கல்விக் கவுன்சில், அடிப்படைக் கல்வி, தொழிற்கல்வி, உயர்கல்வி. ஐந்தின் தலைவர்களும் ஒரே தரம். ஒருவர் இன்னொருவருக்கு உத்தரவு போட முடியாது. (உயர்கல்வி 2019ல் தனி அமைச்சகத்துக்குப் போனது.) இத்தனைக்கும் தாய்லாந்து மொழியில் அந்த அமைச்சகத்தின் பெயரிலேயே சிட்சையும் அதிகாரமும் இருக்கின்றன, நம் காதுக்கும் பழகிய அதே வடமொழிச் சொற்கள்.

உருப்படியான ஒன்று சொல்கிறேன், அதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இவர் காலத்தில், 2006 கல்வியாண்டில், வருமானம் சார்ந்த கல்விக்கடன் வந்தது. மாதச் சம்பளம் 16,000 பாட் (தாய்லாந்து நாணயம்) தொட்ட பிறகு கட்டத் தொடங்கினால் போதும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! ஆட்சி மாறியது, ஒரே வருடத்தில் போய்விட்டது. திட்டம் நல்லதா கெட்டதா என்று தெரிய அந்தப் பிள்ளைகள் பட்டமாவது வாங்கியிருக்க வேண்டாமா, ஐயா?

மற்றபடி 2007ல் இவருடைய கட்சி கலைக்கப்பட்டு ஐந்தாண்டு அரசியல் தடை, 2014 மே 27ல் பாங்காக் வெளிநாட்டுச் செய்தியாளர் சங்கத்தில் கைது, இதெல்லாம் நீங்களே படித்திருப்பீர்கள்.

மருத்துவரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. சியாங் மாயில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் காட்டுக்குப் போனார். பிறகு அமெரிக்காவில் படித்தது பொருளாதாரம்.