சர்ச் வார்டன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அவள் போகிற ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) கோயிலில் அவளைச் சர்ச் வார்டனாக நிற்கச் சொல்கிறார்களாம். எனக்குத் தெரிந்தது ஹாஸ்டல் வார்டன்தான். நம் சேகர கமிட்டி (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளை நடத்தும் கமிட்டி) செயலாளர் மாதிரியா இது? இங்கே சபைத் தேர்தலில் அண்ணன் தம்பி பேச்சு அறுந்ததைப் பார்த்து வளர்ந்தவள், வேண்டாம் என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, மெஞ்ஞானபுரம்

அன்புள்ள அம்மா,

நிற்கச் சொல்லுங்கள்.

1947-ல் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) உருவாகும் முன் நாமும் ஆங்கிலிக்கன் திருமண்டலம்தானே, அதனால் அந்த ஆராதனை அவளுக்கு அந்நியமாக இருந்திருக்காது. வார்டன் பதவிதான் புதிது. நம் சேகர கமிட்டி போல அங்கேயும் ஒரு கமிட்டி உண்டு. வார்டன் அதிலும் இருப்பார், ஆனால் வார்டன் பதவி அந்தக் கமிட்டியைவிடப் பல நூற்றாண்டு பழையது. வழக்கமாகக் கோயிலுக்கு இரண்டு பேர். வருஷாவருஷம் மே 31-க்குள் தேர்தல். கோயில் அங்கத்தினர் மட்டுமில்லை, அந்தப் பாரிஷ் (கோயிலுக்கு உட்பட்ட பகுதி) எல்லைக்குள் ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிற யாரும் வந்து ஓட்டுப் போடலாம். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். கோயிலுக்கு வராதவருக்கும் கோயில்மேல் ஒரு பாத்தியதை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிற ஏற்பாடு அது. சண்டைக்குப் பயப்பட வேண்டாம். அங்கே பல இடங்களில் ஆள் கிடைப்பதே பாடு.

தேர்ந்தெடுத்தவுடன் பதவி வந்துவிடாது. பிஷப் முன்போ அவர் சார்பில் வருகிறவர் முன்போ உறுதிமொழி கொடுக்க வேண்டும். வார்டன் பிஷப்பின் அதிகாரி, சபையாரின் பிரதிநிதியும் அவர்தான். ஐயருக்கு, அதாவது போதகருக்கு, ஒத்தாசையாக இருப்பது, ஆராதனையில் ஒழுங்கு காப்பது, ஐயர் மாறிப்போய் அடுத்தவர் வரும்வரை கோயில் காரியம் நடக்கும்படி பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 1601-ஆம் வருஷத்து ஏழைகள் சட்டம் ஊர் ஏழைகளைப் பராமரிக்கும் வேலையை வார்டன்கள் தலையிலும் வைத்தது.

முக்கியமானது இனிமேல்தான். நம் கோயில் சொத்து சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பேரில் இருக்கிறது. அங்கே நற்கருணைப் பாத்திரம், புத்தகம், நாற்காலி போன்ற அசையும் பொருளெல்லாம் சட்டப்படி வார்டன்கள் பேரில். ஆனால் இஷ்டப்படி விற்க முடியாது, யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. பதவி போனால் அடுத்த வார்டன் பேருக்குப் போய்விடும். அதனால் ஒரு பட்டியலும், மராமத்து விவரம் எழுத ஒரு நோட்டும் வைத்து, வருஷாவருஷம் சரிபார்த்துக் கமிட்டிக்குச் சொல்ல வேண்டும்.

தன் பேரில் இருக்கும், தன்னுடையது இல்லை. இதை நான் என் தாத்தாவிடம் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் பல வருஷம் கணக்குப் பார்த்தவர். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையை மேஜையில் கொட்டுவார், தனியாக எண்ணவே மாட்டார். இன்னொருவர் வரும்வரை காசைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் நாலணா, எட்டணா என்று அடுக்கி எண்ணி, சீட்டில் இரண்டு கையெழுத்து. ஒரு அறுப்புப் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய் எடுத்த ஒருவர் மூன்று மாசம் பணம் தரவில்லை. சின்னத் தொகைதான், தாத்தாவே போட்டு முடித்திருக்கலாம். "நான் போட்டா கணக்கு பொய்யாயிடும்ல" என்றார். நோட்டில் 'வர வேண்டியது' என்று எழுதிவைத்துவிட்டு, சாயங்காலம் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வருவார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பணம் வந்தது.

மகளிடம் இரண்டு காரியம் சொல்லுங்கள். இலையுதிர் காலம் முடிந்ததும் கூரையோரத் தண்ணீர்க் குழாய்களில் அடைத்த இலையை எடுக்க ஆள் பிடிக்க வேண்டும்; பழைய கோயிலுக்குச் சுவரில் இறங்கும் தண்ணீர்தான் பெரிய எதிரி. அப்புறம், பொறுப்பேற்கும்போது பட்டியலைப் பார்த்ததுமே கையெழுத்துப் போட வேண்டாம். மற்ற வார்டனையும் கூட வைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போடட்டும்.