மல்லிகைக்கு விதை விற்கிறார்கள்!
நுகர்வோர் கேள்வி-பதில்

கே: சங்குப்பூ விதை வாங்கி, முகப்போரத் தொட்டியில் இருபது போட்டேன். மூன்று வாரமாகியும் முளைத்தது இரண்டுதான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? - வாசகர், புதுவயல்

ப: அவரை அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். சங்குப்பூ விதைக்குத் தோல் கெட்டி. தண்ணீர் உள்ளே இறங்காவிட்டால் மாதக்கணக்கில் மண்ணில் அப்படியே கிடக்கும். மீதியைக் கிளறி எடுங்கள். அழுகாமல் இருப்பவற்றை விதைக்கண் (காயோடு ஒட்டியிருந்த தழும்பு) இல்லாத பக்கமாக உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள். மேல் கருமை போய் உள்ளே வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பருப்பு அடிபடும். இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டால் காலையில் சில உப்பியிருக்கும், சில போட்டபடியே இருக்கும். உப்பியதை அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். உப்பாததை மறுபடியும் தேயுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளை தெரியும்.

முளைத்த பிறகு உரக்கடைப் பக்கம் போகாதீர்கள். இது அவரைக் குடும்பத்துக் கொடி. வேர் முடிச்சுகளே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். யூரியா போட்டால் பந்தல் நிறைய இலைதான் வரும், பூ வராது.

கே: பேரன் ஆன்லைனில் ‘ஐந்து நிற மல்லிகை விதை’ 299 ரூபாய்க்கு வாங்கித் தந்தான். முற்றத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். வந்தது ஏதோ கீரை. என் கைராசி சரியில்லையா? - வாசகி, பள்ளத்தூர்

ப: உங்கள் கைராசிக்கு ஒரு குறையும் இல்லை, ஆச்சி. விற்றவனுக்குத்தான் மனச்சாட்சி இல்லை. குண்டுமல்லியில் விதை பிடிப்பதே அபூர்வம். அதைக் குச்சி வைத்தோ பதியம் போட்டோதான் வளர்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? பேரனுக்குத்தான் தெரியவில்லை. நீலமும் பச்சையுமாகப் பூத்த மல்லிகை கணினியில் சாயம் பூசிய படம்.

பேரனிடம் ஆர்டர் விவரம், அந்தப் படம், பணம் கட்டிய ரசீது மூன்றையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 299 ரூபாய்க்கா இவ்வளவு என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவன் கடை ஓடுகிறது.

கே: விதைப் பாக்கெட்டில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? - வாசகர், காரைக்குடி

ப: தேதியை. இதை எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது. மிக்சி கெட்டால் அன்றைக்கே சத்தம் போடும். செத்த விதை சத்தம் போடாது. நீங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள், திருப்பித் தரும் கெடுவும் கடந்துவிடும். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட பயிர் ரகங்களுக்கு முளைப்புத் திறன், பரிசோதித்த தேதி எல்லாம் பையில் இருந்தாக வேண்டும். பூவிதைப் பாக்கெட்டிலோ முன்னால் ஒரு பூ, பின்னால் அதே பூ. தேதி அச்சடிக்கும் இடத்தில் ‘இயற்கையோடு வாழ்வோம்’ என்று உபதேசம்! என் அலமாரியில் இப்படி வாங்கிய பாக்கெட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. அதில் ஒன்று, நீலப்பச்சைப் பூ கொத்துக்கொத்தாய்த் தொங்கும் ஜேட் கொடியின் விதை. பறித்துச் சில வாரங்களிலேயே உயிர்ச்சத்து போய்விடும் விதை அது; கடையில் எத்தனை காலம் தொங்கிக்கொண்டிருந்ததோ, ஐநூறு ரூபாய் போயிற்று. இப்போது தேதி இல்லாத பாக்கெட்டைக் கடைக்காரர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

இன்னொன்று, மொத்தத்தையும் ஊன்றாதீர்கள். நாலைந்து விதையை பாக்கெட்டோடு எடுத்துவையுங்கள். தகராறு வந்தால் பரிசோதனைக்கு அனுப்ப அவைதான் கையில் இருக்கும்.

கே: சந்தையில் ‘நீல ரோஜா விதை’ வாங்கினேன். பில் கேட்கவில்லை, பாக்கெட்டையும் எறிந்துவிட்டேன். வழக்குப் போடலாமா? - வாசகர், தேவகோட்டை

ப: எதை வைத்து?

கே: சங்குப்பூத் தூளில் சாயம் கலக்கிறார்களாமே, எப்படிக் கண்டுபிடிப்பது? - வாசகி, கானாடுகாத்தான்

ப: வெந்நீரில் கரைத்து எலுமிச்சை பிழியுங்கள். உண்மையான சங்குப்பூ நீலம் ஊதாவாக மாறும். எவ்வளவு பிழிந்தாலும் நீலம் நீலமாகவே நின்றால் தூளைத் திருப்பிக் கொடுங்கள்.

கே: செங்காந்தள் விதை கிடைக்கிறது. வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். வளர்க்கலாமா? - வாசகர், கோட்டையூர்

ப: கூடாது. விதையும் கிழங்கும் கொடிய விஷம். கேள்வியிலேயே பதில் இருக்கிறதே ஐயா!

கே: நர்சரியில் சங்குப்பூ நாற்று 180 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? - வாசகி, காரைக்குடி

ப: அடுக்கு இதழ் ரகம் என்றால் யோசிக்கலாம். ஒற்றை இதழுக்கு எதற்குக் காசு? பக்கத்தில் எந்த வேலியில் படர்ந்திருக்கிறது என்று பாருங்கள். காய் பழுப்பாகிக் காய்ந்ததும், வெடிப்பதற்குள், வீட்டுக்காரரிடம் கேட்டுப் பறித்துக்கொள்ளுங்கள்.