குளத்துக்குப் போகாமல் நீச்சல் மனப்பாடம்

கேள்வி: ஐஸ்லாந்து நாட்டில் ரெய்க்யவிக் நகரத்தில் இருக்கிறோம். வந்து ஆறு வருடம் ஆகிறது. கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை, ஆபீஸில் எல்லாமே ஆங்கிலம். மகனுக்கு ஐந்து வயது, மழலையர் பள்ளிக்குப் போகிறான். நான் ஐஸ்லாந்து மொழி கற்று வருகிறேன். நட, ஓடு, தவழ், நீந்து, ஏறு, விழு என்று அசைவுச் சொற்களை மட்டும் தனியாக எடுத்து, இந்தப் பக்கம் ஆங்கிலம், அந்தப் பக்கம் ஐஸ்லாந்து மொழி என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். நூறுக்கு மேல் இருக்கும். சனிக்கிழமை காலையில் அப்பாவும் பிள்ளையும் நீச்சல் குளத்துக்குப் போய்விடுவார்கள். அந்தக் குளியலறை முறை எனக்குச் சரிப்படாது, அதனால் நான் போவதில்லை. படிக்க அந்த இரண்டு மணி நேரம்தான் நிம்மதியாகக் கிடைக்கும். ராத்திரி மகனிடம் சொல்லிப் பார்ப்பேன், அவன் உச்சரிப்பைத் திருத்திச் சிரிப்பான். போன வாரம் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து "யெக் டஹ்ட்" என்று அழுதான். எனக்குப் புரியவில்லை. பட்டியலில் தேடினால் இல்லை. 'டெஹ்டா' என்றால் விழுவது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'டஹ்ட்' அதன் இறந்தகாலமாம். அன்று முழுக்க அழுதேன். எனக்கு இந்த மொழி வரவே வராதா? வேறு நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், ரெய்க்யவிக்

பதில்: இதே கடிதம் எனக்கு வேறு வேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் ஜெர்மனி, ஒருவர் நார்வே, இன்னொருவர் ஜப்பான். எல்லோரும் அழுததாக எழுதுவார்கள், நான் 'கவலைப்படாதீர்கள், போகப் போக வந்துவிடும்' என்று எழுத வேண்டும். உங்களுக்கு அப்படி எழுதப் போவதில்லை அம்மா. நீங்கள் இருக்கிற இருப்பில் அது வராது.

நீங்கள் பெரிதாக நினைப்பது அந்த 'டஹ்ட்' விஷயத்தை. எனக்கு உறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிய சனிக்கிழமை. பெற்ற பிள்ளை குளத்தில் நீந்திக்கொண்டிருக்கிறான், நீங்கள் சமையலறையில் உட்கார்ந்து நீந்துவதற்கு அந்த ஊரில் என்ன சொல்வார்கள் என்று மனப்பாடம் செய்கிறீர்கள். அவன் படியேறிக் குதிக்கிறான், நீங்கள் 'ஏறு, குதி' எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு 'நிம்மதி' என்று பேர் வேறு! வீட்டில் மூன்று பேர்தான். வாரத்தில் ஒரு காலை மூன்று பேரும் ஒன்றாக இருக்க வாய்ப்பு. அதில் ஒருவர் கழன்றுகொள்வதற்குப் படிப்பு ஒரு சாக்கா?

அந்த ஊரில் நீச்சல் குளம் என்றால் நம் ஊர் ஹோட்டல் மொட்டைமாடிக் குளம் மாதிரி இல்லை. பூமிக்கு அடியிலிருந்து வரும் வெந்நீரை வைத்து ஊருக்கு ஊர் குளம் கட்டி வைத்திருக்கிறார்கள். மேலே பனி கொட்டும், கீழே வெந்நீர்த் தொட்டிக்குள் கழுத்து வரை உட்கார்ந்துகொண்டு வானிலையிலிருந்து அரசியல் வரை பேசுவார்கள். நம் பக்கம் டீக்கடை பெஞ்சுக்கு உள்ள மரியாதை அங்கே அந்தத் தொட்டிக்கு. பள்ளிகளில் நீச்சல் 1940-லிருந்து கட்டாயம். உங்கள் மகன் ஒன்றாம் வகுப்பு போனதும் அவனுக்கும் பாடம் தொடங்கிவிடும். அந்த ஜனங்களின் பேச்சு கேட்க வேண்டுமானால் நீங்கள் உட்கார வேண்டிய இடம் அந்தத் தொட்டி.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். போவதற்கு அங்கே சொல்கிற 'ஃபாரா' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் பட்டியலிலும் இருக்கும். 'போ' என்று ஒரே வரியில் முடித்திருப்பீர்கள். குளத்தின் உடை மாற்றும் அறையில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். பக்கத்து அம்மா தன் பிள்ளையிடம் சாக்ஸைக் கழற்றச் சொல்ல 'ஃபாரா ஊர்' போடுவாள் (அது நம் ஊர் இல்லை). திரும்பி வந்ததும் கோட்டை மாட்டிக்கொள்ளச் சொல்ல 'ஃபாரா ஈ' போடுவாள். நீந்தப் போவதற்கு 'ஃபாரா ஈ சுண்ட்'. தூங்கப் போவதற்கும், படுக்கையிலிருந்து எழுந்திருப்பதற்கும் அதே ஃபாராதான். தண்ணீரில் இறங்க 'ஓவன் ஈ', கரையேற 'உப் ஊர்' என்று பின்னால் ஒட்டுகிற சின்னச் சொற்கள் இருக்கின்றனவே, அவைதான் அந்த மொழியில் ஆளை இங்கேயும் அங்கேயும் நகர்த்துகின்றன. ஈரத் தரையில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்து யாராவது "எஹ்கி ஹ்லொய்பா", ஓடாதே, என்று அதட்டுவதை ஒரு காலையில் எத்தனை தடவை கேட்பீர்களோ. அப்புறம் 'ஹ்லொய்பா'வுக்கு அர்த்தம் பார்க்க ஃபிரிட்ஜ் பக்கம் போக மாட்டீர்கள்.

இறந்தகாலமும் அப்படித்தான். நடப்பது 'கௌங்கா', நடந்தேன் என்பது 'கெஹ்க்'. ஓடினேன் 'ஹ்லியோப்', போனேன் 'ஃபோர்'. அடிச்சொல்லின் முகமே மாறிவிடும். அகராதியில் இருக்கிற வடிவத்தை மட்டும் எழுதி வைத்தால், பிள்ளை விழுந்து எழுந்து வந்து சொல்லும்போது எப்படிப் பிடிபடும்? எந்தப் பிள்ளையும் விழப்போவதை முன்கூட்டி வந்து சொல்வதில்லை. விழுந்த பிறகுதான் சொல்லும். எழுதத்தான் வேண்டுமென்றால் 'விழு' என்று எழுதாதீர்கள், 'விழுந்தேன்' என்று எழுதுங்கள்.

தமிழில் எழுதுங்கள் என்று சொன்னேன், கவனித்தீர்களா? நடுவில் ஆங்கிலத்தை ஏன் நிறுத்தினீர்கள்? வீட்டுக்கு என்பதற்கு அங்கே 'ஹேய்ம்', வீட்டில் என்பதற்கு 'ஹேய்மா', வீட்டிலிருந்து என்பதற்கு 'ஹேய்மன்'. ஆங்கிலத்தில் போவதற்கும் இருப்பதற்கும் ஒரே சொல்லை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். நமக்கு வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து என்று மூன்றும் தனித்தனியாகப் பிறந்ததிலிருந்தே நாக்கில் இருக்கிறது. 'ஈ பூதினா' என்றால் கடைக்கு, 'ஈ பூதின்னி' என்றால் கடையில். வகுப்பில் இதை வேற்றுமை என்று சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள். கையில் இருப்பதை விட்டுவிட்டு இரவல் வாங்கப் போயிருக்கிறீர்கள்.

குளியலறை விஷயம் இருக்கிறதே. புரிகிறது. குளத்தில் இறங்குவதற்கு முன் நீச்சலுடை இல்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தே ஆக வேண்டும், அதுவும் நாலு பேர் நடுவில். எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று சுவரில் படம் வேறு. நம்மைப் போல வளர்ந்தவர்களுக்கு உடம்பு கூசும். ஆனால் பெண்கள் பக்கம் பெண்கள் மட்டும்தான். தண்ணீரில் குளோரின் அதிகம் கலக்காமல் சுத்தமாக வைத்துக்கொள்ள அப்படி ஒரு வழக்கம். யாரும் யாரையும் பார்ப்பதற்காக வருவதில்லை. தனித் தடுப்பு வைத்த குளங்களும் உண்டு. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள், அந்தக் கேள்வியை ஐஸ்லாந்து மொழியிலேயே கேளுங்கள். அதுவும் மனசு ஒப்பவில்லை என்றால் கட்டாயமில்லை. கூடப் போய் உள்ளே எங்கே உட்கார விடுகிறார்களோ அங்கே உட்கார்ந்து, தலை ஈரத்தோடு வருகிற பிள்ளையைத் துவட்டிவிட்டுக் கூட்டி வாருங்கள். கூச்சத்துக்காகத் தண்ணீரை விடலாம், பிள்ளையோடு இருக்கிற நேரத்தை விடக் கூடாது.

உங்கள் நகரத்தின் பெரிய கடைவீதி லொய்கவேகுர். அந்தக் காலத்தில் வீட்டுத் துணியையெல்லாம் மூட்டை கட்டிச் சுமந்துகொண்டு, சுமார் 3 கிலோமீட்டர் தள்ளியிருந்த வெந்நீர் ஊற்றுக்குப் பெண்கள் நடந்து போன வழி அது. பேரே அதனால்தான் வந்தது. குளிரில் துவைத்து, ஈரச் சுமையோடு திரும்பி நடந்திருக்கிறார்கள். நீங்கள் அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருப்பீர்கள். ஒரு நாள் முழு நீளமும் நடந்து பாருங்கள்.

அடுத்தது ராத்திரிப் பாடம். அதை இன்றோடு நிறுத்துங்கள். ஐந்து வயதுப் பிள்ளை உங்களுக்கு வாத்தியார் இல்லை. தப்பாகப் பேசிச் சிரிப்பு வாங்க வேண்டும் என்றால் கடைக்காரரிடம் வாங்குங்கள், பஸ் டிரைவரிடம் வாங்குங்கள். பெற்ற தாயைத் திருத்துகிற பழக்கம் இந்த வயதில் வந்துவிட்டால், பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு உங்களைக் கூட்டிப்போகவே கூச்சப்படுவான். ஐஸ்லாந்து மொழியை அவனுக்கு அந்த நாடே கொடுத்துவிடும். தமிழைக் கொடுக்க அங்கே உங்கள் இரண்டு பேரை விட்டால் ஆள் இல்லை. 'யெக் டஹ்ட்' என்று அழுதுகொண்டு வந்தால் "எங்கடா கண்ணா விழுந்த, காட்டு" என்று கேளுங்கள். இரண்டு சொல்லும் அவனுக்கு ஒரே இடத்தில் பதியும்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். ஆறு வருடமாக ஆங்கிலத்திலேயே காலம் தள்ளியிருக்கிறார். பிள்ளை படிக்கிற மொழியும், டாக்டரிடம் பேசுகிற மொழியும் உங்கள் தலையில் மட்டும் விழுந்திருக்கிறது. இது எந்த ஊர் நியாயம்? நாளைக்குக் குடியுரிமை கேட்டால் மொழித் தேர்வு ஆளுக்கு ஆள் தனித்தனியாக எழுத வேண்டும். மனைவி பாஸ் செய்தால் கணவருக்கும் சேர்த்து மார்க் போட மாட்டார்கள். நிரந்தர வசிப்புக்கே மொழி வகுப்புக்குப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மொழி தெரியும் என்று காட்ட வேண்டும் என்கிறது சட்டம். இந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டுங்கள். சனிக்கிழமை காலை மூன்று பேரும் குளத்துக்கு. வார நாளில் ஒரு சாயங்காலம் அவர் வகுப்புக்குப் போகட்டும், அன்றைக்குப் பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பு நாளில் அவர் சீக்கிரம் வீட்டுக்கு வந்து சோறு வைக்கட்டும்.

அடுத்த முறை எழுதும்போது எத்தனை சொல் மனப்பாடம் ஆயிற்று என்ற கணக்கு எனக்கு வேண்டாம். அவர் வகுப்பில் சேர்ந்தாரா என்பதை மறக்காமல் எழுதுங்கள்.