தாடை இறுக்கத்துக்கும் மூச்சுக்கும் உட்காரும் விதத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இது தெரியாமல் நான் இரண்டு மாதம் காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே அசைவதுதான் தாடை மூட்டு. அது வலித்தால் காது வலிப்பதுபோலவே இருக்கும். இங்கே சிங்கப்பூரில், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காதைச் சோதித்துவிட்டுப் பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். "பல்லை எப்போது கடிக்கிறீர்கள்?" என்று கேட்டார் அவர். "சாப்பிடும்போது" என்றேன். சிரித்துவிட்டு, ஒரு வாரம் கவனித்துப் பார்க்கச் சொன்னார்.

உட்லண்ட்ஸில் ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கும்வரை கழுத்தை நீட்டிக் கைப்பேசியில் அலுவலக மின்னஞ்சல் பார்ப்பது என் வழக்கம். மேலதிகாரியின் பெயர் திரையில் வந்தால் போதும், மூச்சு நின்றுவிடும், கடைவாய்ப் பற்கள் இறுகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்கிறேன் என்று ஊரில் அம்மாவிடம் சொன்னது இவ்வளவு நேர்ப்பொருளில் என்று அதுவரை தெரியாது.

நாக்கின் அடியில், கழுத்தின் முன்புறம், லாடம் போன்ற சிறு எலும்பு ஒன்று இருக்கிறது. வேறெந்த எலும்போடும் மூட்டாக இணையாமல் தசைகளில் தொங்குகிறது. மேலே தாடையோடும், கீழே மார்பெலும்போடும் தோள்பட்டையோடும் அதைத் தசைகள் இணைக்கின்றன. தலை முன்னால் நீளும்போது இந்தத் தசைகள் இழுபட்டுத் தாடையைக் கீழும் பின்னுமாக இழுக்கின்றன. வாய் திறந்துகொள்ளாமல் இருக்கக் கன்னத் தசைகள் எதிர்த்து உழைக்கின்றன. நம்பிக்கை இல்லையென்றால் அண்ணாந்தும் குனிந்தும் பல்லை மெல்லத் தொடவிட்டுப் பாருங்கள், தொடும் இடம் மாறும்.

மூச்சின் பங்கும் இதே வழியில்தான். மூக்கடைத்து வாயால் மூச்சுவிட்டால் நாக்கு கீழிறங்கும், தலை முன்னால் போகும். பதற்றத்தில் மேல்மார்பால் மூச்சு வாங்கினால் கழுத்துத் தசைகளும் சேர்ந்து உழைக்கும்.

ஆனால் கூன் போட்டு உட்காருகிற எல்லாருக்கும் தாடை வலிப்பதில்லை. முதுகை நிமிர்த்தும் பட்டை வாங்கினால் தீரும் என்பவர்களை நான் நம்புவதில்லை. தூக்கத்தில் பல் நறநறத்து, பெருங்குறட்டையும் இருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். தாடை வலியோடு நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் வந்தால் பல் மருத்துவரைத் தேடாமல் சிங்கப்பூரின் அவசர மருத்துவ ஊர்தி எண்ணான 995ஐ அழையுங்கள்.

உதடுகள் சேர்ந்து, பற்கள் விலகி, நாக்கு மேலண்ணத்தில் படிந்திருப்பதுதான் தாடைக்கு ஓய்வு. ஒவ்வொரு நிலையத்திலும் ரயில் கதவு திறக்கும்போது சரிபார்த்துக்கொள்கிறேன். ஈசூன் வரை பரவாயில்லை. நியூட்டன் தாண்டினால் பற்கள் மறுபடி ஒட்டியிருக்கின்றன.