படமா, என்ஜினா?

அன்புள்ள ஐயா,

வேலை விஷயமாக வர்ஜீனியா போகிறேன். ரோனோக் நகரில் அரை நாள் கிடைக்கும். அங்கே போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நிஜ நீராவி என்ஜின்களே நிற்கின்றன. அப்புறம் புகைப்படக்காரர் ஓ. வின்ஸ்டன் லிங்க்கின் அருங்காட்சியகத்துக்குப் போய் ரயில் படங்களை வேறு பார்க்க வேண்டுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கட்டாயம் பார்க்க வேண்டும். அதுவும் படங்களை முதலில். இரண்டு இடங்களுக்கும் இடையே நடந்தே போய்விடலாம்.

நிற்கிற என்ஜின் எவ்வளவு பெரியது என்பது பார்த்ததும் தெரிந்துவிடும். அது யார் வாழ்க்கைக்கு நடுவே ஓடியது என்பது தெரியாது. லிங்க் அதைத்தான் எடுத்தார். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் நிலக்கரி ஏற்றிப் பிழைத்த ரயில் கம்பெனி. அமெரிக்காவின் மற்ற பெரிய ரயில் கம்பெனிகள் டீசலுக்கு மாறிய பிறகும் 1960 வரை நீராவியை விடவில்லை. அந்தக் கடைசி ஐந்து வருடங்களில், விளம்பரப் படங்கள் எடுத்துச் சம்பாதித்த சொந்தப் பணத்தைப் போட்டு, இவர் ரயிலுக்காக இரவில் காத்துக் கிடந்தார்.

ஏன் இரவு? சூரியனை நகர்த்த முடியாது, விளக்கை நகர்த்தலாம். ஒருமுறை எரிந்தால் தீர்ந்துபோகும் ஃபிளாஷ் பல்புகளைத் தண்டவாளம் நெடுகப் பொருத்தி, ஒரே சுற்றாக வயர் இழுப்பார். ஒரு பல்பு பழுதானாலும் எதுவும் எரியாது. ரயிலும் திரும்பி வராது. எல்லாம் சரியாக அமைந்தால், பகலில் அழுக்காகத் தெரியும் நீராவி, இருட்டில் வெள்ளை வெளேரென்று பொங்கி நிற்கும்.

1956இல் மேற்கு வர்ஜீனியாவின் யேகரில் எடுத்த படத்தின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். திறந்தவெளித் திரையரங்கு. காருக்குள் ஒரு ஜோடி. திரையில் விமானம். பின்னால் சரக்கு ரயில் பாய்கிறது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது தினமும் வருகிற ரயில். (ஃபிளாஷ் வெளிச்சத்தில் திரை வெளுத்துவிட்டதால் விமானத்தைப் பிறகு வேறு நெகட்டிவிலிருந்து சேர்த்தார். அதனால் எனக்கு அந்தப் படத்தின்மேல் மதிப்புக் குறையவில்லை.)

இதைப் பார்த்துவிட்டு, போக்குவரத்து அருங்காட்சியகத்தில் 611 என்ற எண் கொண்ட என்ஜினின் பக்கத்தில் போய் நில்லுங்கள். ரோனோக்கிலேயே 1950இல் கட்டியது. இயக்குசக்கரம் 70 அங்குலம், கிட்டத்தட்ட ஆள் உயரம். இன்றும் ஓடும் நிலையில் இருப்பதால் சில சமயம் வெளியூர் போய்விடும், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டாலும் 1943இல் பிறந்த 1218 என்ற என்ஜினைத் தவறவிடாதீர்கள். 2-6-6-4 என்ற சக்கர அமைப்புள்ள என்ஜின்களில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.