கூடுதல் வாட் எங்கிருந்து வருகிறது? வாசகர் கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: கொடுத்த மின்சாரத்தைவிட அதிகமாகத் திருப்பித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் உண்டா? மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். இணையத்தில் பார்த்து இரட்டை வளைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று சுற்றினேன். நடுவில் பிரைமரி (கரன்ட் உள்ளே போகும் சுருள்), இரண்டு பக்கமும் செகண்டரி (கரன்ட் வெளியே வரும் சுருள்), வெளியே சுற்றி இன்னொரு பெரிய கோர் (இரும்பு வளையம்). பிரைமரிக்கு 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் போகிறது, ஆனால் ஆஸிலோஸ்கோப்பில் வோல்ட் அலைக்கும் கரன்ட் அலைக்கும் இடையே கோணம் 89 டிகிரி, ஆகவே உள்ளே போவது 8 வாட்தான். வெளியே பல்பு 20 வாட்டுக்கு எரிகிறது. லோடு போட்டாலும் பிரைமரி கரன்ட் ஏறவே இல்லை. என் கணக்கில் எங்கே தவறு?
- மண்டபம் வாசகர்

பதில்: அண்ணே, வோல்ட், ஆம்பியர், டிகிரி எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. பல்பு எரியும் வீடியோவை மட்டும் அனுப்புகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் சொல்ல முடிவதில்லை, உங்களுக்குச் சொல்ல முடியும். அந்த 8 வாட்தான் தவறு.

சப்ளையைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து பிரைமரியை அளந்து பாருங்கள். 3 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் 2 × 2 × 3, அதாவது 12 வாட், செப்புக் கம்பியைச் சூடாக்குவதிலேயே போய்விடும். கோர் சூடாவது தனி. பல்பைப் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே உள்ளே போவது 8 வாட்டைத் தாண்டிவிட்டது.

அப்படியென்றால் ஸ்கோப் ஏன் அப்படிக் காட்டியது? வோல்ட், ஆம்பியர், கோணத்தின் கொசைன் மூன்றையும் பெருக்கினால்தான் வாட், அந்தக் கொசைனுக்குப் பெயர் பவர் ஃபேக்டர். 230-ஐ 2-ஆல் பெருக்கினால் 460. 89 டிகிரிக்கு கொசைன் 0.0175, விடை 8 வாட். அதே 460-ஐ 86 டிகிரிக்குப் போட்டுப் பாருங்கள், கொசைன் 0.07, விடை 32 வாட். மூன்றே டிகிரி பிசகினால் நாலு மடங்கு வித்தியாசம் வருகிறது, சாதாரண கரன்ட் கிளாம்ப்போ சி.டி.யோ (கரன்ட் அளக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்) ஓரிரு டிகிரி தள்ளிக் காட்டுவது சகஜம்தான். தண்ணீர் மோட்டாரை அளக்கும்போது இந்தப் பிசகு பெரிதாகத் தெரியாது, அங்கே கோணம் 30, 35 டிகிரி. 90-க்குப் பக்கத்தில் போனால் அதே பிசகு விடையையே விழுங்கிவிடும். 32 வாட் உள்ளே, 20 வாட் வெளியே, மிச்சம் சூடு என்று எடுத்துக்கொண்டால் உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் சொல்வது எல்லாமே பொருந்திவிடுகிறது.

லோடு போட்டும் கரன்ட் ஏறவில்லை என்பதுதான் இந்த வேலையில் இறங்கும் எல்லோரையும் மயக்குவது. அந்த 2 ஆம்பியரில் பெரும்பகுதி வாட் இல்லாத கரன்ட். காலையில் கைமாற்று வாங்கி மாலையில் திருப்பிக் கொடுப்பது போல, காந்தப்புலத்துக்குப் போகும் மின்சாரம் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் லைனுக்கே திரும்பி வந்துவிடுகிறது. பல்பு கேட்கும் 20 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 0.087 ஆம்பியர் போதும். அது அந்த 2 ஆம்பியரோடு நேராகக் கூடுவதில்லை, செங்கோணத்தில் கூடும், பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் கணக்குதான். கூட்டினால் 2.002 ஆம்பியர் வரும். இந்த 2 மில்லி ஆம்பியர் டாங் டெஸ்டரில் எங்கே தெரியப் போகிறது!

உங்கள் கடையிலேயே இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மோட்டாருக்குப் போடும் ரன் கபாசிட்டர், 440 வோல்ட் ஏ.சி. தாங்குவது, 25 மைக்ரோஃபாரட் அளவில் ஒன்றை பிரைமரிக்கு இணையாகப் போடுங்கள். ஸ்டார்ட் கபாசிட்டர் வேண்டவே வேண்டாம், வெடித்துவிடும். திரும்பி வரும் கரன்ட்டில் பெரும்பகுதியை இனி கபாசிட்டரே கொடுத்து வாங்கிக்கொள்ளும், லைனிலிருந்து வரும் கரன்ட் 2 ஆம்பியரிலிருந்து சரசரவென்று இறங்கும். அப்புறம் பல்பைப் போட்டு எடுத்துப் பாருங்கள், லைன் கரன்ட் ஏறி இறங்குவது மீட்டரில் தெரியும். வேலை முடிந்ததும் கபாசிட்டரை ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இன்னொன்று, ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை நேராக மெயின்ஸில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இந்த வடிவத்தைப் பரப்பியவர் கனடாவைச் சேர்ந்த தெய்ன் ஹைன்ஸ். செகண்டரியின் ஃப்ளக்ஸ், அதாவது காந்தப் பாய்வு, வெளிக் கோர் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடும், பிரைமரிக்கு வந்து எதிர்க்காது, ஆகவே தூண்டப்படும் கரன்ட் தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே எதிர்க்கும் என்று லென்ஸ் 1834-ல் சொன்ன விதியிலிருந்து தப்பித்துவிடலாம் என்பது வாதம். ஃப்ளக்ஸ் வெளியே போவது உண்மைதான், அதற்குப் பெயர் லீக்கேஜ். பழைய வெல்டிங் செட்டைத் திறந்து பார்த்திருப்பீர்கள், கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு கோர் நகர்ந்து இதே லீக்கேஜைத்தான் கூட்டிக் குறைத்து வெல்டிங் கரன்ட்டைக் கட்டுப்படுத்துகிறது. பல காலமாக எல்லா ஊரிலும் ஓடுகிற செட் அது, எதிலும் கூடுதல் வாட் வந்ததில்லை.

பல்பு பக்கமும் கவனம் வேண்டும். குண்டு பல்பை அணைத்து வைத்து ஓம் அளந்து அதை வைத்து வாட் போடாதீர்கள், எரியும்போது இருக்கும் ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான் அணைந்திருக்கும்போது காட்டும், கணக்கு தாறுமாறாகக் கூடிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் சின்ன இன்வெர்ட்டர் வைத்து இதை ஓட்டுங்கள், செகண்டரியிலிருந்து சார்ஜர் வழியாக அதே பேட்டரிக்குத் திருப்பிக் கொடுங்கள், வேறு எந்த ஒயரும் இருக்கக் கூடாது. அந்தப் பேட்டரியில் இருப்பது மொத்தமே 84 வாட்-மணி. வட்டம் தானாக ஒரு வாரம் ஓடினால் எனக்கு எழுதுங்கள், நானே பஸ் ஏறி மண்டபம் வருகிறேன்.

கேள்வி: என் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். என் சின்னம்மா மகன், டீசல் இல்லாமல் ஓடும் 5 கிலோவாட் ஜெனரேட்டர் என்று ஒன்றைக் காட்டி 3 லட்சம் முன்பணம் கேட்கிறான். நேரில் பார்த்தோம், ஃபேனும் பல்புகளும் பகல் முழுக்க ஓடின. கொடுக்கலாமா?
- கீழக்கரை வாசகி

பதில்: சகோதரி, இப்போது கொடுக்காதீர்கள்.

ஒரு ஃபேன் 75 வாட், 9 வாட் எல்.இ.டி. பல்பு ஐந்து, எல்லாம் சேர்த்து 120 வாட். பெட்டிக்குள் 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு இருந்தாலே 3,600 வாட்-மணி, அதாவது காகிதக் கணக்கில் 30 மணி நேரம் ஓடும். பகல் முழுக்க ஓடியது என்பதற்கு வேறு காரணமே தேவையில்லை. அதே பெட்டியில் 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி இரண்டைச் சேர்த்து மாட்டச் சொல்லுங்கள். 5 கிலோவாட் என்று சொல்லப்படுகிற இயந்திரத்துக்கு இது பாதி பாரம்கூட இல்லை, ஆனால் பேட்டரி என்றால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது.

மோட்டார் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது, ஆல்டர்னேட்டர் மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கிறது, நடுவில் கனமான ஃப்ளைவீல் என்றுதான் விளக்கம் சொல்லியிருப்பார்கள். ஃப்ளைவீல் சுழற்சியைச் சேமித்து வைக்கும், உண்டாக்காது. மோட்டாரில் கொஞ்சம், பெல்ட்டில் கொஞ்சம், ஆல்டர்னேட்டரில் கொஞ்சம் என்று ஒவ்வொரு சுற்றிலும் இழப்புதான்.

தம்பி முறை ஆகிறவர், முகத்தை முறித்துக்கொள்ளவும் முடியாது, தெரிகிறது. அவரே ஏமாற்றப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, இந்த மாதிரி ஏஜென்ட் வேலையில் இறங்குகிற பல பையன்கள் மனதார நம்பித்தான் இறங்குகிறார்கள். "ஒரு வாரம் எங்கள் வீட்டில் ஓடட்டும், நாங்கள் கூப்பிடும் எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும், ஓடினால் மறுநாளே பணம்" என்று சொல்லுங்கள். நியாயமான பேச்சு, யாரும் கோபித்துக்கொள்ள இடமில்லை.

எரிபொருள் இல்லாமல் வீட்டுக்குக் கரன்ட் வேண்டும் என்றால் உங்கள் மாவட்டத்தில் அதற்கு வழி கண்ணெதிரே இருக்கிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லிருந்து ஓடுகிறது. வீட்டு மாடிக்கு என்று மத்திய அரசு 2024-ல் அறிவித்த திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் அன்றைய நிலவரத்தை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடலோரம் என்பதால் பேனல் தாங்கும் சட்டத்துக்கும் போல்ட்டுக்கும் துருப்பிடிக்காத பொருளாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட கருவிகளுக்கு அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் எப்படிப் பொய் என்கிறீர்கள்? எண்ணெய் கம்பெனிகள் மறைக்கின்றன என்கிறான் என் நண்பன்.
- ராமநாதபுரம் கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, நீ சொல்வது 2002-ல் டாம் பியர்டன் குழுவுக்குக் கிடைத்த 6,362,718 எண் காப்புரிமையாக இருக்கலாம், அசையும் பாகமே இல்லாத மின்காந்த ஜெனரேட்டர் என்று அதற்குப் பெயர். காப்புரிமை என்றால் இந்த யோசனை இவருடையது என்ற உரிமைதான். பெரும்பாலும் ஓடும் மாதிரியைக் கொண்டுவந்து காட்டச் சொல்வதுகூட இல்லை.

ஓட்டிக் காட்டச் சொன்ன இடங்களில் என்ன நடந்தது என்று பார். ஜோசப் நியூமன் என்ற அமெரிக்கர் தன் கருவிக்குக் காப்புரிமை மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்டார். அந்நாட்டின் தேசிய தர அளவை நிறுவனம் 1986-ல் கருவியைச் சோதித்தது, உள்ளே போனதைவிடக் குறைவாகத்தான் வெளியே வந்தது. அயர்லாந்தின் ஸ்டியோர்ன் நிறுவனம் 2006-ல் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்து விஞ்ஞானிகளைச் சோதிக்க அழைத்தது. 22 பேர் கொண்ட குழு அமைந்தது, 2009-ல் அந்தக் குழு ஒருமனதாகச் சொன்னது, ஆற்றல் உண்டாவதாக நிறுவனம் காட்டவில்லை என்று. இதில் யார் எதை மறைத்தார்கள்? கதவைத் திறந்து வைத்து எல்லோரையும் கூப்பிட்டார்கள்.

நம் நாட்டிலும் இந்த ஆசை பழையது, 12-ம் நூற்றாண்டில் பாஸ்கரர் பாதரசம் நிரப்பிய ஆரங்களோடு தானே சுழலும் சக்கரத்தை விவரித்திருக்கிறார். பாரிஸ் விஞ்ஞானக் கழகம் 1775-ல் இனி நிரந்தர இயக்க இயந்திரங்களைப் பரிசீலிப்பதில்லை என்றே முடிவெடுத்துவிட்டது. நான் அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. ஒன்றைச் செய்து, ஒழுங்காக அளந்து, தவறு எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் அது கல்லூரி புராஜெக்ட்டாக அருமையாக இருக்கும், பவர் ஃபேக்டர் அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் மறக்காது.

கேள்வி: நாட்டுப்படகு பேட்டரிக்கு பல்ஸ் சர்க்யூட் ஒன்று வாங்கினேன். செத்த பேட்டரி 12.8 வோல்ட் காட்டுகிறது. காற்றிலிருந்து சக்தி எடுக்கிறது என்றார் விற்றவர்.
- பாம்பன் வாசகர்

பதில்: வோல்ட் காட்டுவது வேறு, உள்ளே சார்ஜ் இருப்பது வேறு. பல்ஸ் கொடுத்ததும் பிளேட்டின் மேற்பரப்பில் மட்டும் சார்ஜ் ஏறி நிற்கும். சர்க்யூட்டைக் கழற்றி ஓர் இரவு அப்படியே வைத்துவிட்டு, காலையில் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டி எத்தனை மணி நேரம் எரிகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஹைட்ரோமீட்டர் இருந்தால் ஒவ்வொரு செல்லிலும் அமிலத்தின் அடர்த்தி 1.26-க்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சல்ஃபேட் படிந்த பேட்டரி சில நேரம் பல்ஸில் கொஞ்சம் தேறும், அது காற்றிலிருந்து வந்த சக்தி இல்லை, நீங்கள் ஏற்றிய கரன்ட்டை மறுபடி பிடித்து வைக்கும் திறன். இந்த பேட்டரியை நம்பி மட்டும் இரவில் கடலுக்குப் போய்விடாதீர்கள் ஐயா, நடுக்கடலில் ஜி.பி.எஸ்.ஸும் வயர்லெஸும் அணைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: நல்ல டிரான்ஸ்ஃபார்மரே எவ்வளவு வீணாக்குகிறது?
- தேவிபட்டினம் வாசகர்

பதில்: துணைமின் நிலையத்தில் இருக்கும் பெரியவை 99 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தருகின்றன. புடாபெஸ்டில் மூன்று பொறியாளர்கள் 1885-ல் மூடிய கோர் வடிவத்தைக் கொண்டுவந்ததிலிருந்து இத்தனை காலமாகத் தகட்டை மெல்லிசாக்கி, சிலிக்கான் சேர்த்து, கம்பியைத் தடிமனாக்கி இங்கே வந்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் சின்னவைதான் மோசம், 80, 85 சதவீதம் என்று நிற்கும். லோடே இல்லாவிட்டாலும் கோர் சூடாகிக்கொண்டே இருக்கும். 10 வாட் குடிக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று இரவு பகலாகச் சொருகிக் கிடந்தால் மாதம் 7.2 யூனிட், வருஷத்துக்கு 87 யூனிட்டுக்கு மேல். ஏ.சி. ஓடாத மாதங்களில் அதன் ஸ்டெபிலைசர் சுவிட்சை அணைத்து வையுங்கள்.